ஆதார் ஆணையத்தைக் கண்காணிப்பது யார்?

ஆதார் ஆணையம் போன்ற அரசின் தொழில்நுட்ப அமைப்புகள் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை, அவற்றின் கணக்கையும் செயல்பாட்டையும் தணிக்கை செய்வது யார், அவை தவறினால் சாதாரண மனிதர் எங்கே போய்க் கேட்பது என்பதுதான் கேள்வி. காகிதத்தில் பார்த்தால் கண்காணிப்பவர்களின் பட்டியல் நீளமானது: அமைச்சகம், நாடாளுமன்றம், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், நீதிமன்றம், தகவல் ஆணையம், இப்போது தரவுப் பாதுகாப்பு வாரியம். இவர்களில் அரசுக்கு வெளியே நிற்பவர்கள் பெரும்பாலும் காரியம் முடிந்த பிறகே வருகிறார்கள். காரியம் நடக்கும்போது உள்ளே இருப்பவர்களோ அரசு நியமித்தவர்கள். இந்த இடைவெளி எங்கெங்கே இருக்கிறது என்பதைச் சட்டப் பிரிவுகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும் என்பதால் பதில் சற்று நீளும்.

ஆதார் ஆணையம் என்று நாம் சொல்லும் இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம் 2009 ஜனவரியில் திட்டக் குழுவின் ஓர் அறிவிக்கையின் வழியாக, அதன் இணைப்பு அலுவலகமாகத்தான் பிறந்தது. அதற்கென்று சட்டம் எதுவும் அப்போது இல்லை. முதல் தலைவராக நந்தன் நிலேகணி கேபினட் அமைச்சர் தகுதியோடு அமர்த்தப்பட்டார். 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்துத் தெம்பிலி கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. அதற்குப் பிறகுதான், 2010 டிசம்பரில், ஆணையத்துக்குச் சட்ட உருவம் தரும் மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. யஷ்வந்த் சின்கா தலைமையிலான நிதித் துறை நிலைக்குழு அதை 2011 டிசம்பரில் ஏற்க மறுத்தது. நோக்கத்தில் தெளிவில்லை, தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இல்லை, மசோதா நிலுவையில் இருக்கும்போதே பதிவுப் பணியை நடத்திக்கொண்டு போவது நாடாளுமன்றத்தின் உரிமையை மீறுவதாகும் என்பன குழு எழுப்பிய ஆட்சேபங்களில் முக்கியமானவை. பணி நிற்கவில்லை. ஒருவழியாகச் சட்டம் நிறைவேறியது 2016 மார்ச்சில். அடுத்த மாதமே, வழங்கப்பட்ட ஆதார் எண்கள் நூறு கோடியைத் தாண்டிவிட்டதாக அரசு அறிவித்தது. அதாவது, மக்கள்தொகையின் பெரும்பகுதியினரின் கைரேகையும் கருவிழிப் பதிவும் சேகரிக்கப்பட்ட காலம் முழுவதும் அந்த அமைப்பைக் கட்டுப்படுத்தியது ஒரு நிர்வாக உத்தரவு மட்டுமே. அதுவரை செய்தவை எல்லாம் இந்தச் சட்டத்தின்படி செய்தவையாகவே கருதப்படும் என்று 59வது பிரிவு பின்னோக்கி முத்திரை குத்திக் கொடுத்தது.

சட்டம் வகுத்த அமைப்பு எளிமையானது. ஒரு தலைவர், இரண்டு பகுதிநேர உறுப்பினர்கள், உறுப்பினர்-செயலராக ஒரு தலைமைச் செயல் அலுவலர். தலைவர் முழுநேரமாகவும் இருக்கலாம், பகுதிநேரமாகவும் இருக்கலாம். தலைமைச் செயல் அலுவலர் மத்திய அரசின் கூடுதல் செயலர் நிலைக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும். எல்லோரையும் நியமிப்பது மத்திய அரசு; நீக்கும் அதிகாரமும் அதனிடமே. எதிர்க்கட்சித் தலைவரோ நீதிபதியோ இடம்பெறும் தேர்வுக் குழு என்பது இங்கே கிடையாது. நடைமுறையில் அன்றாட அதிகாரம் முழுவதும் தலைமைச் செயல் அலுவலரின் மேசையில்தான் இருக்கிறது, தலைவர் பகுதிநேரமாக இருக்கும்போது இன்னும் கூடுதலாக. 2016இல் பகுதிநேரத் தலைவராக ஜே. சத்தியநாராயணா நியமிக்கப்பட்டார், அவருக்குப் பின் அந்த நாற்காலி சில ஆண்டுகள் காலியாகவே கிடந்து, 2023 ஆகஸ்டில்தான் நீல்கண்ட் மிஸ்ரா பகுதிநேரத் தலைவரானார். நூற்று முப்பது கோடிக்கும் மேற்பட்ட எண்களை வழங்கிய ஓர் அமைப்பில் தலைவரே இல்லாமல் ஆண்டுகள் ஓடுகின்றன, அதனால் வெளியே எவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றால், அந்தத் தலைமைக் குழு நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் இடமாக எந்த அளவுக்கு இருந்திருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆணையத்துக்கு மேலே இருக்கும் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் பிடி இரண்டு பிரிவுகளில் இருக்கிறது. கொள்கை சார்ந்த விஷயங்களில் மத்திய அரசு எழுத்துமூலம் தரும் உத்தரவுக்கு ஆணையம் கட்டுப்பட்டது என்கிறது 50வது பிரிவு. ஒரு விஷயம் கொள்கை சார்ந்ததா இல்லையா என்பதிலும் அரசின் முடிவே இறுதியானது. ஆணையம் தன் கடமையைச் செய்யத் தவறினால் அதை ஆறு மாதம் வரை கலைத்து வைக்கலாம் என்கிறது 48வது பிரிவு. இதைப் படித்ததும் பலர், ஆணையத்துக்கு அமைச்சகத்திடமிருந்து கூடுதல் சுதந்திரம் வேண்டும் என்று வாதிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இவ்வளவு பெரிய தரவுத்தளத்தை வைத்திருக்கும் அமைப்பு தேர்ந்தெடுக்கப்பட்ட எவருக்கும் கட்டுப்படாமல் இருப்பது, அமைச்சகத்துக்குக் கட்டுப்படுவதைவிட ஆபத்தானது. குறை வேறிடத்தில் இருக்கிறது: 50வது பிரிவின்கீழ் தரப்படும் உத்தரவை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும் என்றோ வெளியிட வேண்டும் என்றோ அந்தப் பிரிவு சொல்லவில்லை. எழுத்தில் இருப்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அப்படி ஓர் உத்தரவு பிறந்திருப்பதே வெளியில் இருப்பவருக்குத் தெரியாதபோது, எதைக் குறிப்பிட்டுக் கேட்பது?

இதைவிடச் சிக்கலான விஷயம், இயக்குவதும் ஒழுங்குபடுத்துவதும் ஒரே கையில் இருப்பது. தரவுத்தளத்தை நடத்துவது ஆணையம். பதிவு மையங்களையும், சரிபார்ப்புச் சேவையைப் பயன்படுத்தும் வங்கிகள், தொலைபேசி நிறுவனங்கள் முதலானவற்றையும் உரிமம் கொடுத்துக் கட்டுப்படுத்துவது ஆணையம். விதிமுறைகளை எழுதுவது ஆணையம். குறைதீர் ஏற்பாட்டை அமைப்பதும் அதன் வேலைதான். வங்கித் துறையில் வங்கியை நடத்துபவர் வேறு, அதற்கு உரிமம் கொடுத்து மேற்பார்க்கும் ரிசர்வ் வங்கி வேறு, தொலைத்தொடர்பிலும் அப்படித்தான். ஆதாரில் அந்தப் பிரிவினையே இல்லை. இதன் விளைவு 47வது பிரிவில் பச்சையாகத் தெரிந்தது: 2019இல் திருத்தப்படும் வரை, இந்தச் சட்டத்தின்கீழ் எந்தக் குற்றத்தையும் ஆணையம் புகார் கொடுத்தாலொழிய நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க முடியாமல் இருந்தது. என் தகவல் திருடப்பட்டாலும் நான் வழக்குத் தொடர முடியாமல் இருந்தது. தகவலைப் பாதுகாக்கத் தவறிய அமைப்பே மனது வைக்க வேண்டியிருந்தது.

நடைமுறையில் இது எப்படி வேலை செய்தது என்பதற்கு 2018 ஜனவரியில் ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. சண்டிகரிலிருந்து வெளிவரும் ஆங்கில நாளிதழ் ஒன்று, இடைத்தரகர் ஒருவரிடம் 500 ரூபாய் கொடுத்து, எந்த ஆதார் எண்ணையும் இட்டு அதற்குரியவரின் பெயர், முகவரி முதலிய விவரங்களைப் பார்க்கும் நுழைவுரிமையைப் பெற முடிந்ததாகச் செய்தி வெளியிட்டது. ஆணையத்தின் அதிகாரி கொடுத்த புகாரின்பேரில் டெல்லி காவல்துறை பதிவு செய்த முதல் தகவல் அறிக்கையில் அந்தச் செய்தியாளரின் பெயரும் இருந்தது. பத்திரிகைச் சுதந்திரத்தில் தலையிடும் எண்ணமில்லை என்று ஆணையம் பிறகு விளக்கியது. புகார் கொடுக்கும் உரிமை ஒருவரிடம் மட்டுமே இருக்கும்போது, அது யார்மீது முதலில் பாய்கிறது என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 செப்டம்பர் 26 அன்று நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ஆதார் சட்டத்தை மொத்தத்தில் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, இந்த 47வது பிரிவில் பாதிக்கப்பட்ட தனிநபரும் புகார் தரும் வகையில் திருத்தம் தேவை என்றது. 2019 திருத்தச் சட்டம் அதை ஓரளவுக்கு நிறைவேற்றியது: ஆள்மாறாட்டம், அனுமதியற்ற பயன்பாடு, தகவலை வெளியிடுதல் போன்ற சில குற்றங்களுக்குத் தனிநபர் நீதிமன்றத்தை அணுகலாம். ஆனால் அதே திருத்தம் 33ஏ, 33பி என்ற புதிய பிரிவுகளையும் சேர்த்தது. விதிகளை மீறும் நிறுவனங்களுக்கு ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இவை வழி செய்கின்றன. விசாரிக்கும் அதிகாரியை நியமிப்பது ஆணையம். அவர் இணைச் செயலர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். ஆணையம் புகார் கொடுத்தால்தான் விசாரணையே தொடங்கும். மேல்முறையீடு மட்டும் வெளியே, தொலைத்தொடர்புத் தகராறுகள் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. குற்றவியல் பக்கம் நீதிமன்றம் திறக்கச் சொன்ன கதவை, அபராதப் பக்கம் புதிதாகக் கட்டிய வீட்டில் வைக்காமலே விட்டார்கள். மேலும், இந்த அபராதம் ஆணையத்தின் சேவையைப் பயன்படுத்தும் நிறுவனங்களுக்குத்தான். ஆணையமே தவறினால் அதற்கு அபராதம் விதிக்க இந்த அத்தியாயத்தில் எவருக்கும் அதிகாரம் இல்லை.

தேசப் பாதுகாப்பின் பெயரில் தகவலை வெளியிடும் 33(2) பிரிவு, மேற்பார்வை என்ற சொல்லுக்கு அரசு என்ன பொருள் கொள்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டும் இடம். 2016 சட்டத்தின்படி, மத்திய அரசு அதிகாரமளித்த இணைச் செயலர் நிலை அதிகாரி ஒருவர் உத்தரவிட்டால் தகவலைக் கொடுக்கலாம். உத்தரவு நடைமுறைக்கு வருவதற்கு முன் அதை ஒரு மேற்பார்வைக் குழு பரிசீலிக்க வேண்டும். உத்தரவு மூன்று மாதங்களுக்குச் செல்லும். அந்தக் குழுவில் இருப்பவர்கள் அமைச்சரவைச் செயலர், சட்டத் துறைச் செயலர், மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர். உத்தரவு போடுபவரும் அரசு அதிகாரி, பரிசீலிக்கும் மூவரும் அரசு அதிகாரிகள். மாநிலங்களவை 2016 மார்ச்சில் ஐந்து திருத்தங்களைப் பரிந்துரைத்தது. அவற்றில் ஒன்று, இந்தக் குழுவில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையரையோ தலைமைக் கணக்குத் தணிக்கையாளரையோ சேர்க்க வேண்டும் என்பது. பண மசோதாவாகக் கொண்டுவரப்பட்டதால் மாநிலங்களவையின் பரிந்துரையை ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் விருப்பம். ஐந்தையும் அன்றே மக்களவை தள்ளிவிட்டது. மசோதாவுக்கு எந்த முத்திரை குத்துவது என்ற நடைமுறைச் சர்ச்சையாக அது அப்போது பேசப்பட்டது. உண்மையில், அரசுக்கு வெளியிலிருந்து ஒருவர் உட்காரும் ஒரே நாற்காலி அந்த முத்திரையால்தான் பறிபோனது.

உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை அப்படியே இருக்க விடவில்லை. இணைச் செயலருக்கு மேற்பட்ட நிலையில் உள்ள அதிகாரி வேண்டும், அவரோடு நீதித் துறையைச் சேர்ந்த ஒருவரும், முடிந்தால் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரும், சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்றது. 2019 திருத்தம் இணைச் செயலர் என்பதைச் செயலர் என்று மாற்றியது. நீதிபதியைச் சேர்க்கவில்லை. பண மசோதாவாக நிறைவேற்றியதே அரசமைப்பின்மீதான மோசடி என்று 2018 தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் தனியாக எழுதிய மாறுபட்ட கருத்தும், பண மசோதா பற்றிய கேள்வியை வேறொரு வழக்கில் 2019 நவம்பரில் பெரிய அமர்வுக்கு அனுப்பியதும், 2021 ஜனவரியில் ஆதார் மறுஆய்வு மனுக்கள் தள்ளுபடியானதும் இந்தக் கதையின் தொடர்ச்சிகள். அவற்றுக்குள் இங்கே போகத் தேவையில்லை.

இனித் தணிக்கை. 26வது பிரிவின்படி ஆணையத்தின் கணக்குகளைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அதாவது சிஏஜி, தணிக்கை செய்கிறார். கண்காணிப்பு வரிசையில் எனக்கு மிகவும் மரியாதை உள்ள இடம் இதுதான், ஏனென்றால் கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கும் சட்ட அதிகாரமும் அரசமைப்புப் பாதுகாப்பும் சேர்ந்து இருப்பது இங்கே மட்டும்தான். 2014-15 முதல் 2018-19 வரையான செயல்பாட்டை ஆராய்ந்த சிஏஜி அறிக்கை 2022 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதில் இருப்பவை, வெளியிலிருந்து எந்தச் செய்தியாளராலும் எளிதில் கண்டுபிடிக்க முடியாதவை. ஒருவருக்கு ஓர் எண் என்பதே திட்டத்தின் அடித்தளமாக இருக்க, 2019 நவம்பர் வரை 4.75 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் இரட்டைப் பதிவு என்று ரத்து செய்யப்பட்டிருந்தன. விண்ணப்பிப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 182 நாட்கள் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்கு ஆணையம் எந்த ஆவணத்தையும் கேட்கவில்லை, விண்ணப்பதாரர் தானே சொன்னால் போதும் என்று வைத்திருந்தது. உலகின் மிகப் பெரிய பயோமெட்ரிக் தரவுத்தளங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு, சரிபார்ப்பு ஏன் தோல்வியடைகிறது என்று பகுத்தாயும் ஏற்பாடு இல்லை. சேவையைப் பயன்படுத்தும் நிறுவனங்களின் மென்பொருள் மக்களின் தகவலைத் தன்னிடம் சேமித்து வைக்க முடியாதபடி இருக்கிறதா என்பதை ஆணையம் உறுதி செய்துகொள்ளவில்லை. மண்டல அலுவலகங்களில் கொடுக்கப்பட்ட புகார்கள் தலைமையகத்தின் பார்வைக்கே வராத நிலை இருந்தது.

அந்த அறிக்கையில் இரண்டு இடங்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கைரேகையும் கருவிழியும் எடுக்காமல், பெற்றோரின் ஆதாரோடு இணைத்துப் புகைப்படத்தை மட்டும் வைத்து எண் தருகிறார்கள். தனித்துவத்தை உறுதி செய்வது பயோமெட்ரிக்தான் என்றால், அது இல்லாத எண் எப்படித் தனித்துவமானது என்று தணிக்கை கேட்டது. 2019 மார்ச் வரை இதற்குச் செலவான 310 கோடி ரூபாயைத் தவிர்த்திருக்கலாம் என்றது. குழந்தை ஐந்து வயதைத் தாண்டியதும் எப்படியும் மறுபடி பதிவு மையத்துக்குப் போக வேண்டும் அல்லவா? இன்னொன்று, பயோமெட்ரிக் புதுப்பிப்பு. 2018-19இல் நடந்த புதுப்பிப்புகளில் 73 சதவீதத்துக்கு மேல், முதலில் சரியாகப் பதிவாகாததால் மக்கள் தாமாகவே பணம் கட்டி மறுபடி பதிந்தவை. ரேஷன் கடையிலோ வங்கியிலோ விரல் பதியாமல் திருப்பி அனுப்பப்பட்டவர், தன் விரல்தான் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வரிசையில் நின்றிருப்பார். பதிவு செய்தவர் சரியாகச் செய்யாததற்கும் அவரே கட்டணம் கட்டுகிறார் என்பதை ஒரு தணிக்கை அறிக்கைதான் எண்ணோடு எழுதிக் காட்டியது.

இதே அறிக்கையே தணிக்கையின் எல்லையையும் காட்டுகிறது. ஆராய்ந்த காலம் 2019 மார்ச்சோடு முடிகிறது. அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது மூன்று ஆண்டுகள் கழித்து. அதன்பின் பொதுக் கணக்குக் குழு அதை எடுத்து, அமைச்சகத்தை அழைத்துக் கேட்டு, நடவடிக்கைக் குறிப்பு பெற வேண்டும். சாலையிலோ அணையிலோ இந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், கட்டியது அங்கேயே நிற்கும். மென்பொருள் அமைப்பு மூன்று ஆண்டில் இரண்டு முறை மாறிவிடும். தணிக்கை குறை கண்ட ஒப்பந்த நிறுவனமே மாறியிருக்கும். ஆண்டறிக்கையை இரு அவைகளிலும் வைக்க வேண்டும், விதிமுறைகளை முப்பது நாட்கள் வைக்க வேண்டும் என்ற பிரிவுகளும் உண்டு. மேசையில் வைக்கப்படும் காகிதம் விவாதமாக மாறுவது அபூர்வம் என்பதை நாடாளுமன்றத்தைக் கவனிப்பவர்கள் அறிவார்கள்.

ஆதாரை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது ஒரு வகையில் நியாயமில்லை, ஏனென்றால் மற்ற அமைப்புகளோடு ஒப்பிட்டால் இதற்காவது ஒரு சட்டம் இருக்கிறது. அரசின் தொழில்நுட்ப வேலைகள் பல வடிவங்களில் நடக்கின்றன, ஒவ்வொரு வடிவத்துக்கும் கண்காணிப்பு வேறுபடுகிறது. 1976இல் தொடங்கப்பட்ட தேசியத் தகவலியல் மையம் அமைச்சகத்தின் இணைப்பு அலுவலகம். அமைச்சகத்துக்குப் பொருந்தும் எல்லாம் அதற்கும் பொருந்தும். ஜிஎஸ்டியின் கணினி அமைப்பை நடத்த 2013இல் உருவாக்கப்பட்ட ஜிஎஸ்டிஎன், நிறுவனச் சட்டத்தின்கீழ் லாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவானது. மத்திய அரசுக்கு 24.5 சதவீதம், மாநிலங்களுக்கு 24.5 சதவீதம், மீதி 51 சதவீதம் அரசு சாரா நிதி நிறுவனங்களுக்கு. அரசு நிறுவனம் என்று சட்டம் கருதி, அதற்குரிய தணிக்கைக்கு உட்படுத்துவதற்கு அரசின் பங்கு 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படித்தால், அவை தற்செயலாக அமைந்தவை அல்ல என்பது புரியும். நாட்டின் மறைமுக வரி முழுவதும் ஓடும் அமைப்பை அப்படி விட்டுவைக்க முடியாது என்று கருதி, அதை முழுக்க அரசுக்குச் சொந்தமாக்க 2018இல் முடிவெடுத்தார்கள்.

தமிழ்நாட்டிலும் இதே கலவைதான். தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட் மாநில அரசுக்குச் சொந்தமானது என்பதால் அரசு நிறுவனங்களுக்குரிய தணிக்கை அதற்கு உண்டு. தமிழ்நாடு மின் ஆளுமை முகமையோ சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்ட சங்கம். அதன் அதிகாரம், கடமை, எல்லை ஆகியவற்றைச் சட்டமன்றம் வகுக்கவில்லை, அரசாணைகளும் சங்க விதிகளும்தான் வகுக்கின்றன. அரசு மானியத்தில் இயங்கும் இத்தகைய அமைப்புகளை 1971ஆம் ஆண்டு சிஏஜி சட்டத்தின்கீழ் தணிக்கை செய்யலாம். ஆனால் செலவு எவ்வளவு என்று பார்ப்பது ஒன்று, எந்தெந்தத் தரவுத்தளங்களை எதற்காக இணைக்கிறார்கள் என்று பார்ப்பது வேறு. 2023இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குச் சுமார் 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்து, சுமார் 1.06 கோடி ஏற்கப்பட்டன. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பயன்படுத்தும் குடும்பமா, கார் இருக்கிறதா, நிலம் எவ்வளவு என்பவை அரசிடம் உள்ள பதிவுகளோடு ஒப்பிடப்பட்டன. மறுக்கப்பட்டவர் முப்பது நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று வைத்தது நல்ல ஏற்பாடு. கோட்டாட்சியர் அந்த ஒரு விண்ணப்பத்தைச் சரி செய்துவிடுவார். வேறொருவரின் மின் இணைப்பு இவர் பெயரில் இணைந்திருந்தது என்றால் அந்த மூலப் பதிவைத் திருத்துவதும், அதே பிழை எத்தனை பேருக்கு நேர்ந்தது என்று தேடுவதும் யாருடைய கடமை என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

சட்டமே இல்லாமல் ஓடிய அமைப்புக்கு, கொரோனா தொற்றுத் தொடர்பைக் கண்டறிய வந்த ஆரோக்கிய சேது செயலி நல்ல உதாரணம். 2020 ஏப்ரலில் வந்த அந்தச் செயலியின் தரவை எப்படிக் கையாள்வது என்ற நெறிமுறை மே மாதத்தில் ஒரு நிர்வாக உத்தரவாக வெளியானது. ஆறு மாதத்தில் காலாவதியாகும் என்ற பாராட்டத்தக்க விதி அதில் இருந்தது, பிறகு நீட்டிக்கப்பட்டது. செயலியை யார் உருவாக்கினார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்டபோது, அது தொடர்பான கோப்பு தன்னிடம் இல்லை என்று தேசியத் தகவலியல் மையம் பதில் சொன்னது. இணையதளத்திலோ அந்த மையத்தின் பெயர்தான் இருந்தது. மத்தியத் தகவல் ஆணையம் 2020 அக்டோபரில் கடுமையாகக் கேள்வி எழுப்பி விளக்கம் கேட்டது. கோடிக்கணக்கானோர் கைபேசியில் ஏற்றிய ஒரு செயலிக்குப் பொறுப்பான கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஓர் ஆணையத்தின் நோட்டீஸ் தேவைப்பட்டது. அந்தக் கருவியும் சுருங்கிக்கொண்டு வருகிறது: கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் செர்ட்-இன் அமைப்பு 2023 நவம்பரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தாக்குதல் விவரங்களை வெளியிட முடியாது என்பது புரிகிறது. எத்தனை அரசு அமைப்புகள் தங்கள்மீதான ஊடுருவலைக் காலத்தில் தெரிவித்தன என்பதையும் சேர்த்து மூடிவிட்டதுதான் புரியவில்லை.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் சரி செய்துவிடும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அந்தச் சட்டத்தின் வாரியத் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பது மத்திய அரசு. தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்பையும் அறிவிக்கையின் மூலம் சட்டத்திலிருந்தே விலக்கலாம் என்கிறது 17வது பிரிவு. விதிக்கப்படும் அபராதம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர இந்தச் சட்டத்தில் இடமில்லை. அரசு அமைப்புக்கு அபராதம் என்றால், அரசின் பணம் அரசுக்கே திரும்புகிறது. தனிப்பட்ட தகவல் என்ற காரணத்துக்காகத் தகவல் தர மறுக்கும் வரம்பையும் இதே சட்டத்தின் 44(3) பிரிவு விரிவாக்கியிருக்கிறது.

என்ன மாற்றம் வேண்டும் என்று கேட்டால், புதிதாக இன்னொரு ஆணையம் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நாடாளுமன்றத்துக்கு நேரடியாக அறிக்கை தரும், அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும்போதே பதிவேடுகளையும் ஒப்பந்தங்களையும் பார்க்க உரிமையுள்ள நிரந்தரத் தணிக்கைப் பிரிவு ஒன்று சிஏஜியின்கீழ் இருந்தால் போதும்; அறிக்கை ஆண்டுதோறும் வர வேண்டும். சரிபார்ப்புத் தோல்வி விகிதத்தை மாநிலவாரியாக மாதந்தோறும் வெளியிட ஆணையத்துக்குச் சட்டக் கட்டாயம் இருக்க வேண்டும். அபராத விசாரணையைத் தொடங்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கும் வேண்டும். மூன்றுமே தற்போதைய சட்டத்தில் சில வரிகளைத் திருத்தினால் ஆகக்கூடியவை.

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு நடைமுறைப் பதில் இது. ஆதார் தொடர்பான குறையென்றால் முதலில் 1947 என்ற எண்ணிலோ ஆணையத்தின் இணையதளத்திலோ புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடும் புதுச்சேரியும் பெங்களூரு மண்டல அலுவலகத்தின்கீழ் வருகின்றன. பதில் வராவிட்டால் அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு, அதன்மீது எந்தத் தேதியில் எந்த அதிகாரி என்ன நடவடிக்கை எடுத்தார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்க வேண்டும். ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை என்று கேட்டால் பதில் வராது; கோப்பில் இருப்பதைத்தான் கேட்க முடியும். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடமும், அவரிடமும் தீராவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்திடமும் போகலாம். காரணமின்றித் தாமதித்த பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அவர் சொந்தப் பணத்திலிருந்து அபராதம் விதிக்க அந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மேலே சொன்ன சட்டங்கள் அனைத்திலும், ஒரு தனிமனிதர் தொடங்கிவைக்க, தனி அதிகாரி ஒருவர் தன் பையிலிருந்து பணம் கட்டும் நிலைக்கு வருவது இந்த ஒரு பிரிவில்தான். ஆகவே புகாரை விட, புகாரின் கோப்பைக் கேட்கும் மனுதான் அலுவலகத்தில் முதலில் எடுக்கப்படும்.